டைட்டானியத்தைக் கொத்திவிட்டால் எலும்பு ஏன் பிடிக்கிறது?

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகும் டைட்டானிய வேர்தான் பல் இம்பிளான்ட். அவற்றில் சில வகை, சின்னக் குப்பிக்குள் உப்புத் தண்ணீரில் மூழ்கியபடியே மருத்துவர் கைக்கு வந்து சேர்கின்றன. மூடியைத் திறந்ததும், காற்றில் அதிக நேரம் வைக்காமல், தாடை எலும்பில் போட்ட துளையில் நேராகத் திருகிவிட வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது, கெட்டும் போகாது. அப்படிப்பட்ட ஒரு திருகாணியைத் தண்ணீரில் ஊறவைத்து விற்பானேன்? காற்று படக்கூடாது என்பதற்காகத்தான். காற்று பட்டால் அப்படி என்ன ஆகிவிடும் என்று தெரிந்துகொள்ள, அந்தத் திருகாணியின் தோலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டுகிறது என்று சொல்கிறோமே தவிர, எலும்பு அந்த உலோகத்தைத் தொடுவதே இல்லை. காற்று பட்ட மறுகணமே டைட்டானியத்தின் மேல் ஓர் ஆக்சைடு படலம் தானாக மூடிக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. கீறினால் உடனே மறுபடி வளர்ந்துவிடும். உடலின் உப்பு நீர் உலோகத்தை அரிக்காமல் காப்பது இதுதான். ரத்தமும் புரதமும் உடலின் செல்களும் சந்திப்பது இந்த ஆக்சைடை மட்டும். மேற்பரப்பைப் பதப்படுத்துவது என்று இந்தத் துறையில் சொல்வதெல்லாம், இந்தப் படலத்தின் வடிவத்தையோ வேதியியலையோ சுத்தத்தையோ மாற்றும் வேலைதான்.

டைட்டானியத்துக்கும் எலும்புக்கும் ஒத்துப்போகும் என்பதைத் தேடிக் கண்டுபிடித்ததைவிட, தடுக்கி விழுந்து கண்டுபிடித்ததுதான் அதிகம். 1951இல் லெவென்தால் என்ற எலும்பு மருத்துவர் எலிகளின் தொடை எலும்பில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்திப் பார்த்தார். நாளாக ஆக அவை தளரவில்லை, இறுகின. 16 வாரம் கழித்துக் கழற்ற முயன்றபோது, ஓர் எலியின் எலும்பே முறிந்தது, திருகு வரவில்லை. அடுத்த ஆண்டே சுவீடனின் லுண்ட் நகரத்தில் பெர்-இங்வார் பிரானெமார்க், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஒரு சிறு கூடு செய்து வைத்தார். ஆய்வு முடிந்து அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தால், எலும்பு விடவில்லை. அந்தக் காலத்தில் அந்நியப் பொருள் எதுவானாலும் உடல் அதைச் சுற்றி நார்த் திசுவால் ஓர் உறை கட்டி ஒதுக்கிவிடும் என்றுதான் நம்பிக்கை. பிரானெமார்க் 1965இல் முதல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர் வைத்தார். உறை எதுவும் இடையில் இல்லாமல் எலும்பு நேரடியாக வந்து சேரும் இந்த நிலைக்கு ஆசியோஇன்டகிரேஷன் என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். எலும்பிணைவு என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் திருகுகள் லேத்தில் கடைந்து எடுத்தவை. பளபளவென்று, கடைசல் கோடு மட்டும் மெல்லியதாகத் தெரியும். எலும்பு சேரத்தான் செய்தது, ஆனால் பொறுமை வேண்டியிருந்தது. கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் பாரம் ஏற்றாமல் விட்டுவைப்பது பழைய வழக்கம். இந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் பின்னால் வந்த மேற்பரப்பு ஆராய்ச்சிக்கெல்லாம் தூண்டுகோல்.

காத்திருப்பு வெறும் அசௌகரியம் அல்ல, அதில் ஓர் ஆபத்தும் உண்டு. திருகிய அன்று இம்பிளான்ட் கெட்டியாக நிற்பது எலும்பில் இறுக்கமாகச் செருகியிருப்பதால், அதாவது சுவரில் அடித்த ஆணி நிற்பதைப் போல. ஆனால் நெரிபட்ட அந்தப் பழைய எலும்பை உடல் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். பழைய பிடி தளர்ந்துகொண்டே வர, புதிய பிடி இன்னும் வலுக்காமல், இடையில் சில வாரம் இம்பிளான்ட் மிகப் பலவீனமாக இருக்கும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒட்டி வரும் பள்ளம் இது. இந்தப் பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்க வேண்டுமானால், புது எலும்பு சீக்கிரம் வர வேண்டும்.

சீக்கிரம் வரவைக்க முதலில் தோன்றிய யோசனை கொத்தனார் யோசனை. வழுவழுப்பான கான்கிரீட் சுவரில் பூச்சு நிற்காது. கொத்தனார் உளியால் கொத்திவிட்டு, தண்ணீர் அடித்து நனைத்து, அப்புறம்தான் கலவையை வீசுவார். டைட்டானியத்தையும் கொத்திவிட்டால்? கொத்தினார்கள். இன்றைக்குப் பெரும்பாலான இம்பிளான்ட்டுகளில் அதன் ஏதோ ஒரு வடிவம்தான் இருக்கிறது.

பிரபலமான முறை எஸ்.எல்.ஏ.; துகள் வீசி, அமிலத்தில் அரிப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை அளவுள்ள கொரண்டம் துகள்களை, அதாவது அலுமினியம் ஆக்சைடை, அழுத்தக் காற்றில் திருகின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். உலோகம் மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான கரைசலில் முக்குவார்கள். துகள் வீச்சு போட்ட பெரிய குழிகளுக்குள்ளேயே அமிலம் இரண்டு, மூன்று மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் சின்னச் சின்னக் குழிகளை அரித்துவிடும். கண்ணுக்குப் பளபளப்புப் போய் மங்கலான சாம்பல் நிறமாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாக, பள்ளத்தாக்கு முழுவதும் தேன்கூடு போலக் குழிகள்.

1991இல் டேனியல் பூசர் குழுவினர் சிறுவகைப் பன்றிகளில் வெவ்வேறு மேற்பரப்புகளை வைத்து ஒப்பிட்டார்கள். மின்முறையில் மெருகேற்றிய வழவழப்பான டைட்டானியத்தில் எலும்பு நேரடியாகத் தொட்டிருந்த பரப்பு 20 முதல் 25% வரை. துகள் வீசி அமிலத்தில் அரித்ததில் 50 முதல் 60%. இரட்டிப்புக்கும் மேல். அப்படியானால் இன்னும் சொரசொரப்பாக்கினால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. ஆன் வென்னர்பெர்க்கும் தோமஸ் ஆல்பிரெக்ட்சனும் பல ஆண்டு ஆராய்ந்து சொன்ன கணக்கு: சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. அதைவிட வழவழப்பாக இருந்தாலும் சரி, அதைத் தாண்டினாலும் சரி, பிடி குறைகிறது. கொத்தனார் கதை சரியாக இருந்தால் இப்படி ஓர் உச்சவரம்பு வந்திருக்கக் கூடாது. சிமென்ட் பூச்சுக்குச் சுவரின் சொரசொரப்பு வெறும் பிடிமானம். செல்லுக்கு அது ஒரு செய்தியும்கூட. இதைக் கவனிக்காமல் விட்டதால்தான், இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'எலும்பு செல்களின் வளர்ச்சியைக் கூட்டும் மேற்பரப்பு' என்று எழுதித் தள்ளுகிறார்கள்.

வளர்ச்சி என்றால் எது வளர்ச்சி?

1990களில் பார்பரா போயனும் ஸ்வி ஷ்வார்ட்ஸும் அவர்களுடைய சகாக்களும், எலும்பாக்கும் செல்களைப் போல நடந்துகொள்ளும் ஒரு செல் வகையை வழவழப்பான டைட்டானியத் தகட்டிலும் சொரசொரப்பான தகட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். சொரசொரப்பான தகட்டில் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. கூடவில்லை, குறைந்தது. ஆனால் அந்தக் குறைந்த செல்கள், எலும்பு கட்டும் வேலையில் இறங்கிய செல் மட்டுமே அதிகமாகச் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் போன்ற புரதங்களைக் கூடுதலாகச் சுரந்தன.

எலும்பு செல்லின் வாழ்க்கை வரிசையை நினைத்துப் பார்த்தால் இதில் முரண்பாடே இல்லை. முதலில் பெருகும். பிறகு பெருகுவதை நிறுத்தி, கொலாஜன் நாரைச் சுரந்து வலையாகப் பின்னும். கடைசியில் அந்த வலையில் கால்சியம் பாஸ்பேட் படிகிறது. பெருக்கமும் கட்டுமானமும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் நடப்பதில்லை. வழவழப்பான தளத்தில் செல் அப்பளம் போலப் பரந்து தட்டையாகி, பெருகிக்கொண்டே இருக்கும். குழி நிறைந்த தளத்தில் அது விளிம்புகளைப் பற்றிக்கொண்டு, திரண்ட வடிவில் தொங்கும். அந்த வடிவ மாற்றமும், செல்லுக்குள் இருக்கும் புரதச் சட்டகத்தில் ஏறும் இழுவிசையும், எந்த ஜீன் இயங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகின்றன.

ஆய்வகத்தில் இது எப்படிக் குழப்புகிறது என்று பாருங்கள். 24 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் டைட்டானியத் தகடுகளைப் போட்டு, செல்களை விதைப்பார்கள். மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊற்றினால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா அடர்த்தியாக இருந்தால் செல் அதிகம். இந்தச் சோதனையில் சொரசொரப்பான தகடு வெளிறித் தெரிந்தால், சோதனை அங்கேயே நின்றுவிட்டால், அந்த மேற்பரப்பு மோசம் என்று எழுதிவிடுவோம். மூன்று வாரம் பொறுத்து, கால்சியத்தைப் பிடிக்கும் அலிசரின் சிவப்புச் சாயத்தை ஊற்றினால் கதை மாறக்கூடும்: வெளிறிய தகட்டில் சிவப்புத் திட்டுகள் நிறைய இருக்கலாம். ஆகவே ஏதாவது புதிய பூச்சைப் பற்றி 'செல் வளர்ச்சி இத்தனை மடங்கு' என்று படித்தால், எத்தனையாவது நாள், எந்தச் சாயம் என்று பார்க்காமல் நான் நம்புவதில்லை.

சரி, எலும்பு செல்லுக்குக் குழி ஏன் பிடிக்கிறது? உடலுக்குள் அது வேலை செய்யும் இடமே குழிதான். வாழ்நாள் முழுவதும் நம் எலும்பு இடிபட்டுக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல், எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, தனக்கு அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைத்து, ஒரு சொரசொரப்பான குழியை விட்டுவிட்டு நகர்ந்துபோகும். அந்தக் குழிக்குள் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் கட்டும் செல்கள் வந்து புது எலும்பை இடுகின்றன. தொழிற்சாலையில் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் டைட்டானியத்தை முக்குவதும் ஏறக்குறைய அதே வேலைதான். அங்கே எலும்பு இல்லை. ஆனால் இப்போதுதான் அரித்து முடித்த எலும்பு போல ஒரு தரை தயாராக இருக்கிறது.

ஆனாலும் செல் முதலில் வந்து சேர்வதில்லை. அதற்கு முன்னால் ஒரு பெரிய கூட்டமே வந்துவிடும். திருகு ரத்தத்தைத் தொட்ட உடனே நீர் மூலக்கூறுகள் படிகின்றன, அப்புறம் கால்சியம் போன்ற அயனிகள், சில நொடிகளிலேயே புரதங்கள். ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின், ஃபைப்ரினோஜன் எல்லாம் இதில் உண்டு. எலும்பாகப்போகும் செல்கள் நாள்கணக்கில் கழித்து வரும்போது அவை பார்ப்பது ஆக்சைடைக்கூட அல்ல, ஆக்சைடின் மேல் படுத்திருக்கும் புரத விரிப்பை. இந்தப் புரதங்களில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக வரும் ஓர் இடம் உண்டு. அதுதான் செல்லின் கைப்பிடி என்று 1984இல் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாட்டியும் காட்டினார்கள். செல்லின் வெளிச்சவ்வில் உள்ள இன்டெக்ரின்கள் என்ற புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. புரதம் கோணல்மாணலாக, கைப்பிடி அடிப்பக்கம் போகும்படி படிந்துவிட்டால் செல்லுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. எப்படிப் படியும் என்பதைத் தீர்மானிப்பதில் தரையில் தண்ணீர் பரவுகிறதா இல்லையா என்பதற்குப் பெரிய பங்குண்டு.

இங்கேதான் கொத்தனார் சுவரை நனைத்தது நினைவுக்கு வர வேண்டும். அலமாரியில் இருந்து எடுத்த எஸ்.எல்.ஏ. தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது தாமரை இலையில் நிற்பது போலக் குண்டாக உருண்டு நிற்கும். குழிகளுக்குள் காற்று சிக்கிக்கொள்ள, தண்ணீர் மேலேயே மிதக்கிறது. ரத்தத்துக்கும் அதே கதிதான். ஆனால் ஆக்சைடு இயல்பிலேயே தண்ணீரை வெறுப்பதல்ல, நேசிப்பது. தண்ணீரை விரட்டுவது அதன் மேல் காற்றிலிருந்து வந்து படிந்த கார்பன் அழுக்கு. எவ்வளவு சுத்தமான அறையிலும் காற்றில் ஹைட்ரோகார்பன் இருக்கத்தான் செய்கிறது. புத்தம்புது டைட்டானியத்தில் அது மெல்லப் படிந்துகொண்டே போகும். வாரக்கணக்கில் வைத்திருந்த டைட்டானியத்தில் புரதமும் செல்லும் ஒட்டுவது வெகுவாகக் குறைவதை தகாஹிரோ ஒகாவாவின் குழு காட்டியிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் டைட்டானியத்தின் முதுமை.

குப்பிக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரின் விடை இதுதான். அமிலத்தில் அரித்த கையோடு, நைட்ரஜன் சூழலிலேயே கழுவி, காற்றுக்குக் காட்டாமல் உப்புக் கரைசலில் போட்டு மூடிவிடுகிறார்கள். குழிகளின் வடிவம் பழைய எஸ்.எல்.ஏ.வினுடையதுதான். மாறியிருப்பது சுத்தம். இதன் மேல் விட்ட சொட்டு நிற்காது, பரவிக் குழிகளுக்குள் இறங்கிவிடும். 2005 வாக்கில் சந்தைக்கு வந்த இந்த முறை, பழைய எஸ்.எல்.ஏ.வுக்கு இருந்த ஆறு வாரக் காத்திருப்பை மூன்று, நான்கு வாரமாக இறக்கியதாகத் தயாரிப்பாளர்கள் முன்வைத்தார்கள்.

இதே காரியத்தை வேறு வழியாகவும் செய்யலாம். டைட்டானியம் ஆக்சைடின் மேல் புறஊதா ஒளி பட்டால் அது தண்ணீரை அப்படியே விரித்துக்கொள்ளும் என்பது 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு. ஒளி அந்தக் கார்பன் அழுக்கையும் சிதைக்கிறது. தானாகச் சுத்தமாகும் கண்ணாடிகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே வேதியியல். ஒகாவா குழு புறஊதா ஒளியில் காட்டிய இம்பிளான்ட்டுகளை எலிகளில் வைத்தபோது, எலும்பு தொட்ட பரப்பு 55%இலிருந்து 98% வரை ஏறியது. எலியில் வந்த எண் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பொருளை மாற்றாமல், வடிவத்தை மாற்றாமல், தூசி தட்டியதற்கே இவ்வளவு பலன் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மேலே எதையாவது பூசினால் என்ன என்ற பாதையும் உண்டு. எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைப் பிளாஸ்மா என்னும் மிகச் சூடான வாயுச் சுடரில் உருக்கித் தெளிக்கும் முறை, செயற்கை இடுப்பு மூட்டுகளில் 1980களின் நடுவிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. பூசர் குழுவின் ஒப்பீட்டில் அதிகமான எலும்புத் தொடர்பு இதற்குத்தான் கிடைத்தது: 60 முதல் 70%. ஆனால் பூச்சு கரையவும் தொடங்கியிருந்தது. பத்துக்கணக்கான மைக்ரான் தடிமனில் பீங்கானை உலோகத்தின் மேல் ஒட்டினால், எலும்பு பீங்கானைப் பிடித்துக்கொண்டாலும் பீங்கான் உலோகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பல் இம்பிளான்ட்டில் இந்த மோகம் தணிந்துவிட்டது. இடுப்பு மூட்டில் தொடர்கிறது.

இந்த ஒட்டும் சிக்கலைத் தவிர்க்க, கியோத்தோவில் ததாஷி கொகுபோ குழுவினர் போன வழி எனக்குப் பிடித்தது. எதையும் பூச வேண்டாம், டைட்டானியமே தன் மேல் எலும்புத் தாதுவை வளர்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், 60 டிகிரி சூட்டில் ஒரு நாள் ஊறவைத்து, 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால், மேற்பரப்பு சோடியம் டைட்டனேட் என்ற பஞ்சு போன்ற வலையாகிவிடும். உடல் திரவத்தில் வைத்ததும் சோடியம் வெளியேறுகிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் உள்ளே வந்து படிகின்றன. வலை உலோகத்திலிருந்தே படிப்படியாக முளைத்தது என்பதால் உரிந்து விழ விளிம்பே கிடையாது. 1996இல் வெளியான இந்த யோசனை, பிறகு ஜப்பானில் இடுப்பு மூட்டாகவே பயன்பாட்டுக்கு வந்தது.

மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடைத் தடிக்கவைக்கும் அனோடைசிங் இன்னொரு பெரிய குடும்பம். அறுவை அரங்கத் தட்டில் நீலம், தங்கம், பச்சை என்று டைட்டானியத் திருகுகளைப் பார்த்தவர்கள் அது சாயம் என்று நினைப்பார்கள். சாயம் அல்ல. ஆக்சைடின் தடிமன் மாற மாற, அதில் எதிரொளிக்கும் ஒளி சோப்புக் குமிழியில் போல நிறம் மாறுகிறது. தடிமனைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜ். கரைசலில் கொஞ்சம் ஃபுளோரைடு சேர்த்தால் ஆக்சைடு தட்டையாக வளராமல், நெருக்கமாக அடுக்கிய நானோ குழாய்களாக நிமிர்ந்து வளரும். குழாயின் விட்டத்தையும் வோல்ட்டேஜால் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.

எந்த விட்டம் நல்லது என்பதில் சண்டையே நடந்திருக்கிறது. 2007இல் ஜெர்மனியில் பாட்ரிக் ஷ்முகி இடம்பெற்ற குழு, 15 நானோமீட்டர்தான் ஸ்டெம் செல்லுக்கு உகந்தது, 100 நானோமீட்டரில் செல்கள் செத்தே போகின்றன என்றது. இன்டெக்ரினின் தலை ஏறத்தாழ 10 நானோமீட்டர் என்பதால் அந்த இடைவெளி கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டே ஆண்டில் சான் டியேகோவில் சுங்ஹோ ஜின் குழு, 30 நானோமீட்டரில் செல்கள் ஒட்டும், 70 முதல் 100 வரையில் நீண்டு இழுபட்டு எலும்பு செல்லாக மாறும் என்றது. எந்தச் செல், அதற்கு ஊட்டிய சீரம் எது, குழாயைச் சூடாக்கிப் படிகமாக்கினார்களா இல்லையா என்று விவரங்கள் வேறுபட்டால் முடிவும் வேறுபடுகிறது. இரு தரப்பும் தங்கள் சோதனையைத் தவறாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. 'டைட்டானியம் நானோ குழாய்' என்ற ஒரே பெயருக்குள் பல வேறு பொருள்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆய்வகத் தட்டில் கிடைத்ததெல்லாம் தாடையில் கிடைக்காது என்பதும் இதோடு சேர்த்தி. தட்டில் ரத்தம் இல்லை, மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல் இல்லை, அசைவும் இல்லை. நல்ல எலும்பில், திறமையான கையில், லேத்தில் கடைந்த பழைய பளபளப்புத் திருகே கீழ்த்தாடையில் பல்லாண்டு நின்றிருக்கிறது. மறுபக்கம், துளை போடும்போது எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்துவிட்டால் அங்கே செல் பிழைக்காது. திருகு சுமார் 150 மைக்ரானுக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த் திசுதான் வரும். எந்த நானோ குழாயாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. நல்ல மேற்பரப்பு கைகொடுப்பது எலும்பு மெலிந்த இடத்திலும், சீக்கிரம் பாரம் ஏற்ற வேண்டிய சூழலிலும்தான்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஆந்தனி கிரிஸ்டினா 1987இல், இம்பிளான்ட் உடலுக்குள் போன கணத்திலேயே அதன் மேற்பரப்புக்காக நம் செல்லுக்கும் பாக்டீரியாவுக்கும் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது என்று எழுதினார். வாயில் வாழும் பாக்டீரியாக்கள் பல ஒரு மைக்ரான் அகலம்தான். எலும்பு செல் விரும்பும் ஒன்றிரண்டு மைக்ரான் குழி, பாக்டீரியாவுக்கு எச்சிலும் பிரஷும் எட்டாத வசதியான அறை. எலும்பு மூடியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஈறு இறங்கி, சொரசொரப்பான புரிகள் வாய்க்குள் தெரியத் தொடங்கிவிட்டால், அங்கே படியும் அழுக்கை எடுப்பது பெரும்பாடு. பளபளப்புத் திருகை இதைவிட எளிதாகத் துடைக்கலாம். அதனால் சில தயாரிப்பாளர்கள் ஒரே திருகில் இரண்டு தோல் வைக்கிறார்கள்: எலும்புக்குள் போகும் உடம்பு சாம்பல் மங்கலாக, ஈறைத் தொடும் கழுத்து கண்ணாடி போல. இரண்டும் சந்திக்கும் கோட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பது இன்றும் ஆளுக்கொரு மாதிரிதான்.